காதில் குழாய் வைத்த குழந்தை நீந்தலாமா?

உங்கள் கேள்வியின் சாரம் இதுதான்: நான்கு வயது மகளுக்கு இரண்டு காதுகளிலும் குழாய் வைத்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் நீச்சல் வகுப்புக்கு அனுப்பலாம் என்கிறார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரோ குழாய் விழும் வரை காதில் ஒரு சொட்டு நீர்கூடப் படக் கூடாது என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவை மருத்துவர் சொன்னதே சரி. குளோரின் கலந்து முறையாகப் பராமரிக்கப்படும் குளத்தில், நீரின் மேற்பரப்பை ஒட்டி நீந்தும் குழந்தை காதை அடைத்துக்கொள்ளக்கூடத் தேவையில்லை. ஆயினும் அந்த அனுமதிக்குச் சில எல்லைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் வீணாக அஞ்சவும் வேண்டியதில்லை, கவனிக்க வேண்டியதைத் தவறவிடவும் மாட்டீர்கள். இரண்டாவது மருத்துவரின் அறிவுரையும் காரணமில்லாமல் பிறந்ததன்று. பல பத்தாண்டுகளாக உலகெங்கும் மருத்துவர்கள் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். அது ஏன் மாறியது என்பதை விளக்கினால்தான் உங்களால் மனநிறைவோடு முடிவெடுக்க முடியும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழாய் எதற்காக வைக்கப்பட்டது என்பதைப் பார்ப்போம். செவிப்பறைக்கு உட்புறம் நடுக்காது என்னும் சிறிய காற்றறை இருக்கிறது. அதற்குக் காற்று வந்துபோகும் வழி மூக்கின் பின்பகுதியிலிருந்து செல்லும் யூஸ்டேசியன் குழல். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளி பிடிக்கும்போது எளிதில் அடைபடுகிறது. மூக்கிலுள்ள கிருமிகளும் அதன் வழியே நடுக்காதுக்கு ஏறிவிடுகின்றன. அடைபட்ட அறையில் நீர் தேங்குகிறது, நாளடைவில் அது பசைபோல் கெட்டியாகிறது. காய்ச்சலோ வலியோ இல்லாமலே மாதக்கணக்கில் இந்த நீர் அங்கேயே நிற்கலாம். அந்த நாட்களில் குழந்தைக்கு உலகம் காதைப் பொத்திக்கொண்டு கேட்பதுபோல் கேட்கிறது. அழைத்தால் திரும்பாத குழந்தையையும், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் குழந்தையையும், பேச்சு தாமதப்படும் குழந்தையையும் பிடிவாதக்காரர்கள் என்று எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவர்களுக்குக் கேட்பதில்லை.

இந்த நீர் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும் என்பதால் மருத்துவர்கள் பொதுவாக மூன்று மாதங்கள் பொறுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு காதுகளிலும் மூன்று மாதங்களுக்கு மேல் நீர் நின்று, கேட்கும் திறனும் குறைந்திருந்தால் குழாய் வைப்பது பற்றிப் பேசப்படுகிறது. ஆறு மாதங்களில் மூன்று முறையோ ஓராண்டில் நான்கு முறையோ நடுக்காதில் சீழ்த்தொற்று வந்து, பரிசோதிக்கும்போது உள்ளே நீரும் காணப்பட்டால் அப்போதும் அதே பேச்சு எழுகிறது. அறுவை சிகிச்சை சிறியது. குழந்தைக்கு மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியின் உதவியால் செவிப்பறையில் நுண்ணிய கீறலிட்டு, தேங்கிய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்தக் கீறலில் குழாயைப் பொருத்துகிறார்கள். பெரும்பாலும் கால் மணி நேரத்திற்குள் வேலை முடிந்து, குழந்தை அன்றே வீடு திரும்பிவிடுகிறது. குரோமெட் என்று மருத்துவமனையில் சொல்வது இந்தக் குழாயைத்தான். சிலிக்கோன், டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக், டைட்டேனியம் போன்றவற்றால் செய்யப்படும் இதன் உட்துளை 1 மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும். யூஸ்டேசியன் குழல் செய்ய முடியாத காற்றோட்ட வேலையை இந்தத் துளை சில காலம் செய்துகொடுக்கிறது. இன்றைய வடிவிலான பிளாஸ்டிக் குழாயை 1954-இல் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர் அறிமுகப்படுத்தியதிலிருந்து இந்த முறை பரவலானது.

செவிப்பறையில் துளை இருக்கிறதென்றால் அதன் வழியே நீர் உள்ளே போகும், நீரோடு கிருமி போகும், தொற்று வரும் என்று எண்ணுவது இயல்பு. பழைய அறிவுரை முழுவதும் இந்த ஊகத்தின் மேல்தான் நின்றது. குளிக்கும்போது பஞ்சு, நீச்சலுக்கு முற்றிலும் தடை, மழையில் நனையாமல் குல்லாய் என்று எத்தனையோ குழந்தைகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கழித்தார்கள். ஊகம் அறிவுக்குப் பொருந்துவதுபோல் இருந்ததால் நெடுங்காலம் யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

உண்மையில் நீர் அவ்வளவு எளிதாக உள்ளே போவதில்லை. வாய் குறுகிய வெறும் போத்தலைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தினால், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியில்லாததால் நீர் ஏறுவதில்லை. நடுக்காதின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே. யூஸ்டேசியன் குழல் பெரும்பாலான நேரம் மூடியே இருப்பதால் உள்ளே ஒரு காற்றுத் தலையணை நிற்கிறது. அதோடு, 1 மில்லிமீட்டர் அளவுள்ள துளையின் வாயில் நீரின் பரப்பு இழுவிசையே ஒரு தடுப்பாக நின்று, சிறு அழுத்தத்தில் நீரை நுழைய விடுவதில்லை. நீரை உள்ளே தள்ள வேண்டுமானால் ஒன்று அழுத்தம் கூட வேண்டும், அதாவது குழந்தை ஆழத்துக்குப் போக வேண்டும். அல்லது அந்த இழுவிசை குறைய வேண்டும், அதைச் செய்வது சோப்பு. தலையும் காதும் கொண்ட மாதிரி வடிவம் ஒன்றில் குழாயைப் பொருத்தி 1998-இல் வெளியிடப்பட்ட சோதனை இதை அழகாகக் காட்டியது. ஷவரில் நின்றபோதும், தலை அலசியபோதும், தெளிந்த நீரில் தலையை அமிழ்த்தியபோதும் நீர் நடுக்காதுக்குள் செல்லவில்லை. சோப்பு கலந்த நீரில் அமிழ்த்தியபோதும் ஆழம் கூடியபோதும்தான் நுழையும் வாய்ப்பு உயர்ந்தது.

மாதிரி வடிவம் ஒரு புறம் இருக்க, உயிருள்ள குழந்தைகளிடம் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான, குழாய் வைத்த 201 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஓராண்டு கவனித்தார்கள். ஒரு பிரிவினர் நீந்தும்போதும் குளிக்கும்போதும் இயர் பிளக் அணிந்தார்கள், மற்றொரு பிரிவினர் அணியவில்லை. ஒருமுறையாவது காதில் சீழ் வடிந்தவர்கள் அணிந்தோரில் 47 சதவீதம், அணியாதோரில் 56 சதவீதம். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு குழந்தைக்கு 0.07 முறை என்பது 0.10 ஆகிறது. வேறுபாடு இருக்கிறது, ஆனால் மிகச் சிறியது. ஆய்வாளர்களின் கணக்குப்படி, ஒரே ஒரு முறை சீழ் வடிவதைத் தவிர்க்க ஒரு குழந்தை 2.8 ஆண்டுகள் இடைவிடாமல் இயர் பிளக் அணிய வேண்டும். சாதாரணக் குழாய் காதில் தங்குவதே அதில் பாதிக் காலம்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த எண்களில் இன்னொரு செய்தியும் இருக்கிறது; பெற்றோர் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. காதை அடைத்துக்கொண்ட குழந்தைகளிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சீழ் வடிந்தது. அப்படியானால் பெரும்பாலான தொற்று வெளியிலிருந்து நீரோடு வருவதில்லை, உள்ளிருந்து மூக்கு வழியாகச் சளியோடு வருகிறது. குழாய் வைப்பதற்கு முன்பு செவிப்பறையின் பின்னால் அடைபட்டு வலித்த அதே தொற்று, இப்போது குழாய் வழியே வடிந்து வெளியே தெரிகிறது. ஆகவே நீச்சல் வகுப்புக்குப் போன வாரத்தில் சீழ் வந்தால் உடனே நீரின் மேல் பழிபோடாமல், அந்த வாரம் மூக்கு ஒழுகியதா என்று நினைத்துப் பாருங்கள்.

இத்தகைய ஆதாரங்களின் அடிப்படையில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவக் கழகம் 2013-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த வழிகாட்டுதல், குழாய் வைத்த குழந்தைகளுக்கு வழக்கமான தடுப்பாக இயர் பிளக்கையோ ஹெட்பேண்டையோ, நீச்சலைத் தவிர்ப்பதையோ மருத்துவர்கள் ஊக்குவிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. நீச்சல் கற்கத் தகுந்த வயதில் ஓராண்டைத் தண்ணீருக்கு அஞ்சியே கழிக்க விடுவதால் வரும் இழப்பு, எப்போதோ ஒருமுறை வடியும் சீழைவிடப் பெரியது என்பது என் உறுதியான கருத்து. நீந்தத் தெரிந்திருப்பது குழந்தையின் உயிரைக் காக்கும் திறன். காதுச் சீழோ, சொட்டு மருந்தில் சில நாட்களில் அடங்கிவிடும் தொல்லை.

இனி அந்த அனுமதியின் எல்லைகளுக்கு வருகிறேன். அதே வழிகாட்டுதல் சில குழந்தைகளுக்கும் சில சூழல்களுக்கும் காதை அடைத்துக்கொள்வது நல்லது என்று விலக்கு அளிக்கிறது. குழாய் வைத்த பிறகு அடிக்கடி சீழ் வடியும் குழந்தையும், வடிவது நிற்காமல் நீடிக்கும் குழந்தையும் முதல் வகை. நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும், வேறு காரணத்தால் தொற்றுக்கு எளிதில் ஆளாகக்கூடியவர்களும் அடுத்த வகை. நீந்தும்போது காதில் வலிக்கிறது என்று சொல்லும் குழந்தைக்கும் அடைப்பான் உதவும். சில குழந்தைகளுக்குக் குளிர்ந்த நீர் குழாயைத் தொடும்போதே சுரீரென்று வலிக்கும். அவர்கள் நீரை வெறுக்கத் தொடங்குவதற்கு முன் அடைப்பானைக் கொடுத்துவிடுவது நல்லது. இவை எதுவும் இல்லாத உங்கள் மகளைப் போன்ற குழந்தைக்கு அடைப்பான் கட்டாயமில்லை.

எந்த நீர் என்பதும் முக்கியம். நன்கு பராமரிக்கப்படும் நீச்சல் குளத்தின் நீரையும், ஏரி, குட்டை, ஓடை போன்றவற்றின் நீரையும் ஒன்றாக வைக்க முடியாது. தேங்கிய நன்னீரில் கிருமிகளின் எண்ணிக்கை மிகுதி, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அங்கே இயல்பாகவே வாழ்கின்றன. அத்தகைய நீரில் இறங்கத்தான் வேண்டுமென்றால் காதை அடைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. மழைக்குப் பின் கலங்கிய நீரில் இறங்காமலே இருப்பது இன்னும் நல்லது. கிருமிநீக்கம் சரியாகச் செய்யப்படாத வெந்நீர்த் தொட்டிகளையும் இந்த வரிசையிலேயே சேர்க்கிறேன், வெதுவெதுப்பான நீர் அந்தப் பாக்டீரியாவுக்கு உகந்தது.

அடுத்தது ஆழம். ஆறு அடி, அதாவது ஏறத்தாழ 180 சென்டிமீட்டருக்குக் கீழே மூழ்குவதை வழிகாட்டுதல் விலக்காகக் குறிக்கிறது. சில மருத்துவர்கள் அதைவிடக் குறைந்த ஆழத்திலேயே எச்சரிக்கை செய்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தையின் வகுப்பில் ஆழம் பெரும்பாலும் ஒரு கேள்வியாகவே எழாது. குளத்தின் அடியில் கிடக்கும் பொருளை மூழ்கி எடுக்கும் பயிற்சியும் உயரத்திலிருந்து குதிப்பதும் வளர்ந்த குழந்தைகளுக்குத்தான் வரும். அவற்றைக் குழாய் விழும் வரை தள்ளிப்போடச் சொல்வேன். உயரத்திலிருந்து குதிக்கும்போது ஒரு கணத்தில் ஏறும் அழுத்தம், மெதுவாக மூழ்குவதைவிட நீரை வேகமாகத் தள்ளக்கூடும். காற்றுக் கலம் கட்டிக்கொண்டு ஆழத்துக்குச் செல்லும் ஸ்கூபா மூழ்கலுக்குக் குழாய் உள்ள காதோடு எந்த வயதினரும் போகக் கூடாது.

நீச்சல் குளத்தைவிடக் குளியல் தொட்டிக்கே அதிகக் கவனம் வேண்டும் என்று நான் சொன்னால் பெற்றோர்கள் வியப்படைகிறார்கள். குளத்து நீரில் சோப்பு இல்லை. தொட்டியில் சோப்பும் ஷாம்பூவும் கலந்த, உடலின் அழுக்கு கரைந்த நீர் நிற்கிறது. சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்து அந்த நீருக்குக் குழாயின் வாயைத் திறந்துவிடுகிறது. குழந்தையோ அதில் மல்லாந்து படுத்து இரண்டு காதுகளையும் அமிழ்த்தி விளையாடுகிறது. தொட்டியில் விளையாடட்டும், ஆனால் முதலில் தெளிந்த நீரில் விளையாடிவிட்டுக் கடைசியில் சோப்பு போட்டு, உடனே நீரை வெளியேற்றிவிடுங்கள். தலைக்கு ஷாம்பூ போடும்போது, பெட்ரோலியம் ஜெல்லி நன்கு தடவிய பஞ்சு உருண்டையைக் காது வாயிலில் வைத்து எடுத்தால் போதும். அந்தப் பஞ்சு நீச்சலுக்கு உதவாது, குளத்தில் அது நனைந்து ஊறி, ஈரத்தைக் காதுக்குள்ளேயே வைத்திருக்கும்.

அடைப்பான் தேவைப்படும் குழந்தைக்கு எதை வாங்குவது? காதின் அச்செடுத்துச் செய்யப்படும் சிலிக்கோன் அடைப்பான் நன்றாகப் பொருந்தும், ஆனால் குழந்தை வளரவளர அதை மாற்ற வேண்டியிருக்கும். ஆயத்தமாகக் கிடைக்கும் மென்மையான சிலிக்கோன் அடைப்பான்களும் பெரும்பாலோருக்குப் போதுமானவை. காது வாயிலின் மேல் அமர்ந்து மூடும் வகையாக இருக்கட்டும். காதுத் துவாரத்துக்குள் ஆழமாகச் செருகும் வகை தோலை உரசிப் புண்ணாக்கி, வெளிக்காதில் வேறொரு தொற்றைக் கொண்டுவரக்கூடும். மாவுபோல் பிசைந்து வைக்கும் வகையைச் சிறு துண்டாகக் கிள்ளிக் குழந்தையின் கையில் கொடுக்காதீர்கள், சிறு குழந்தைகள் அதை வாயில் போட்டுக்கொள்வார்கள். நியோபிரீன் துணியாலான ஹெட்பேண்ட் அடைப்பான் நழுவாமல் பிடித்துக்கொள்ள உதவும். அது மட்டும் தனியாக நீரைத் தடுக்காது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். காதை அடைத்துக்கொண்ட குழந்தைக்குக் குளத்தில் காது கேட்பது குறைவு. பயிற்றுநர் "நில்" என்று கத்துவது அதன் காதில் விழாமல் போகலாம். கேட்பதற்காகத்தான் குழாயே வைத்தோம் என்பதை மறந்து, தேவையில்லாமல் அந்தக் காதை அடைத்து, ஆபத்து அதிகமுள்ள இடத்தில் நிற்க வைப்பது சரியன்று. அடைப்பான் உண்மையிலேயே தேவைப்பட்டால் வகுப்பு தொடங்கும் முன்னரே பயிற்றுநரிடம் சொல்லி, கைச்சைகையிலும் தோளைத் தொட்டும் பேசும்படி கேட்டுக்கொள்ளுங்கள். அடைப்பான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த வயதுக் குழந்தை நீரில் இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பெரியவர் ஒருவர் கை எட்டும் தொலைவில் நீருக்குள் இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்து எப்போது முதன்முறை நீரில் இறங்கலாம் என்பதில் மருத்துவர்களிடையே வேறுபாடு உண்டு. சிலர் சில நாட்கள் என்பார்கள், சிலர் சில வாரங்கள் என்பார்கள். கீறல் ஆறி, குழாயைச் சுற்றிச் செவிப்பறை இறுக்கமாக அமர வேண்டும் என்பதே இதன் நோக்கம். இதில் உங்கள் அறுவை மருத்துவரின் சொல்லே இறுதியானது. முதல் சில நாட்களில் சிறிது நீரோ இரத்தம் கலந்த கசிவோ வருவது அச்சப்பட வேண்டிய அறிகுறி அன்று. உங்கள் மகளுக்கு இரண்டு மாதங்கள் கடந்துவிட்டதாலும், மருத்துவரே அனுமதித்திருப்பதாலும் இந்தக் காத்திருப்பு முடிந்துவிட்டது.

நீந்தி முடித்து வந்ததும் தலையை ஒருபுறமாகச் சாய்த்து வெளிக்காது நீரை வடியவிட்டு, காது மடலை மென்மையான துணியால் துடைத்தால் போதும். பஞ்சு சுற்றிய குச்சி வேண்டாம். நீச்சல் வீரர்கள் காதை உலர்த்த விட்டுக்கொள்ளும் ஆல்கஹால், வினிகர் கலந்த சொட்டுகள் கூடவே கூடாது. செவிப்பறை முழுமையாக உள்ளவர்களுக்கான அவை, குழாய் வழியே நடுக்காதுக்குப் போனால் கடுமையாக எரியும், உள்காதுக்குத் தீங்கும் செய்யக்கூடும். காதுக் குறும்பியை இளக்கும் சொட்டுகளையும், ஹைட்ரஜன் பெராக்சைடையும், எந்த வகை எண்ணெயையும் மருத்துவர் சொல்லாமல் விடாதீர்கள்.

அடுத்து, சீழ் வடியும்போது என்ன செய்வது என்பதைத் தெரிந்து வைத்திருந்தால் உங்கள் அச்சத்தில் பாதி குறைந்துவிடும். காதிலிருந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்ட வாடையோடு சீழ் வருவது, குழாய் வைத்த குழந்தைகளிடம் மிகச் சாதாரணம். சில வேளைகளில் அதில் இரத்தமும் கலந்திருக்கும். பார்க்கும்போது பதறினாலும் அது பெரும்பாலும் குழாயைச் சுற்றித் திசு உறுத்தலால் வருவதே. காய்ச்சலின்றி நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, வாய் வழியே கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைவிடக் காதில் விடும் ஆன்டிபயாடிக் சொட்டே சிறந்தது. நெதர்லாந்தில் 230 குழந்தைகளிடம் செய்யப்பட்டு 2014-இல் வெளிவந்த ஆய்வு இதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு விட்டவர்களில் 5 சதவீதத்தினருக்கே சீழ் எஞ்சியிருந்தது; வாய் வழி மருந்து எடுத்தவர்களில் 44 சதவீதம், எந்த மருந்தும் இல்லாமல் காத்திருந்தவர்களில் 55 சதவீதம். மருந்து நேராகத் தொற்று உள்ள இடத்துக்கே போவதுதான் காரணம். குழாயின் துளை இங்கே நமக்கு உதவுகிறது.

எந்தச் சொட்டு என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஒஃப்லாக்சசின், சிப்ரோஃப்லாக்சசின் வகைச் சொட்டுகள் குழாய் உள்ள காதுக்குப் பாதுகாப்பானவை. ஜென்டாமைசின், நியோமைசின் சேர்ந்த பழைய சொட்டுகள் உள்காதின் கேட்கும் செல்களைத் தாக்கக்கூடியவை என்பதால் தவிர்க்கப்படுகின்றன. முன்பு யாருக்கோ வாங்கிவைத்த மருந்துக் குப்பியை அலமாரியிலிருந்து எடுத்து விடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். சொட்டு விடும் முன் காது வாயிலில் நிற்கும் சீழைத் துடைத்து எடுங்கள், இல்லையென்றால் மருந்து சீழின் மேலேயே நின்றுவிடும். குப்பியைக் கையில் சிறிது நேரம் வைத்துச் சூடேற்றி, குழந்தையைப் பக்கவாட்டில் படுக்க வைத்துச் சொட்டை விட்டபின், காது வாயிலின் முன்னே உள்ள சிறு குருத்தெலும்பு மடிப்பை நான்கைந்து முறை மெல்ல அழுத்தி விடுங்கள். அந்த அழுத்தம்தான் மருந்தைக் குழாய் வழியே உள்ளே அனுப்புகிறது. இதைச் செய்யாமல் விட்டதாலேயே மருந்து வேலை செய்யவில்லை என்று திரும்பி வருபவர்கள் பலர்.

சீழ் வடியும் நாட்களில் மட்டும் நீச்சல் வேண்டாம், குளிக்கும்போதும் காதில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வடிதல் நின்று காது உலர்ந்த பிறகு வகுப்பைத் தொடரலாம். சொட்டு விட்டும் ஒரு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காய்ச்சலும் கடும் வலியும் வந்தாலோ, காதின் பின்புறம் வீங்கிச் சிவந்து மடல் முன்னே தள்ளப்பட்டாலோ, தலைச்சுற்றலோ முகத்தின் ஒருபுறம் இழுத்துக்கொள்வதோ தெரிந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். இவற்றில் கடைசி மூன்று மிக அரிதானவை, ஆனால் காத்திருக்கக் கூடாதவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், விடுமுறையில் பயணம் வரும்போது எல்லோரும் கேட்பது இது. விமானத்தில் செல்ல இந்தக் குழாய் தடையன்று. அழுத்தம் தானாகவே சமன்படுவதால், குழாய் உள்ள காது மற்றக் காதுகளைவிட விமானத்தில் நலமாகவே இருக்கும்.

சாதாரணக் குழாய் பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள், வளரும் செவிப்பறையால் தள்ளப்பட்டுத் தானாகவே வெளிக்காதுக்கு வந்துவிடும். குழந்தைக்கு அது தெரியாது, வலிக்காது; தலையணையில் கிடப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்பவர்களும் உண்டு. நெடுநாள் தங்கும்படி டி வடிவில் செய்யப்பட்ட குழாய்கள் இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ இருக்கும். அவற்றைச் சில வேளைகளில் மருத்துவரே எடுக்க வேண்டிவரும். குழாய் இருக்கும் வரை மருத்துவர் குறித்துக்கொடுக்கும் இடைவெளியில் காதைக் காட்டி வாருங்கள். குழாய் அடைபட்டிருந்தால் வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது; மீண்டும் கேட்கும் திறன் குறைவதே அதன் முதல் அடையாளமாக இருக்கலாம். முதல் பரிசோதனையின்போது கேட்கும் திறனை அளந்து பார்த்தார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், குழாய் வைத்ததன் பயன் அதில்தான் தெரியும்.

குழாய் விழுந்தபின் துளை பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே மூடிக்கொள்ளும். குறுகிய காலக் குழாய்களில் ஏறத்தாழ 2 சதவீதக் காதுகளில் துளை மூடாமல் நிற்கிறது, நெடுநாள் குழாய்களில் இது இன்னும் அதிகம். ஆகவே குழாய் விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் எல்லா எச்சரிக்கையையும் உடனே விட்டுவிடாமல், துளை மூடியதா என்று ஒருமுறை மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். மூடியிருந்தால் ஆழம், குதித்தல், ஏரி நீர் எதற்கும் குழாயின் பொருட்டுத் தடையில்லை. மூடாமல் நின்றால், அந்தத் துளையின் அளவையும் குழந்தையின் வயதையும் பார்த்து எவ்வளவு காலம் பொறுக்கலாம், எப்போது அறுவை சிகிச்சையால் மூட வேண்டும் என்பதை அறுவை மருத்துவர் சொல்வார். அதுவரை மேலே சொன்ன அதே எல்லைகளுக்குள், பராமரிக்கப்படும் குளத்தின் மேற்பரப்பை ஒட்டி நீந்தலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்; குழாயின் துளையைவிடப் பெரிய துளையின் வழியே நீர் எளிதாகச் செல்லும் என்பதால் அங்கே அவர் வேறுவிதமாக முடிவெடுக்கக்கூடும்.